நாலு பக்க அர்த்தம்

சைலஸ் டட்டன் அவரைத் திருடன் என்று சொல்லியிருந்தால் கத்பர்ட் லோரிமர் சிரித்திருப்பார். பன்றி என்று சொல்லியிருந்தால், மீனைப் புகையில் தொங்கவிட்டுப் பிழைக்கிற மனிதனுக்கு வேறென்ன வார்த்தை தெரியும் என்று மன்னித்திருப்பார். ஆனால் அவன் சொன்னது ‘கேட்’.

வாசல் கேட் இல்லை. இது இங்கிலீஷ்காரர்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்து, பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து வீசுகிற வசவு. நம் ‘கேடு’ம் அதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் முகஜாடை இருக்கிறது.

சொன்ன இடம் ஹால்ஸ்பி சர்ச் கூடம். சைலஸின் அக்கா ஆக்னஸை அடக்கம் செய்துவிட்டு வந்து, கடற்காற்றில் விறைத்த கைகளை டீக் கோப்பையில் சூடேற்றிக்கொண்டு அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்கே துணி தைத்தவள் ஆக்னஸ். அதனால் ஊரே வந்திருந்தது. ரிட்டயரான ஹெட்மாஸ்டர் வராவிட்டால் நன்றாயிருக்காது என்று கத்பர்ட்டை அவர் மனைவி ஹெஸ்டர்தான் இழுத்து வந்திருந்தாள். அவர் இரண்டாவது சாண்ட்விச்சுக்குக் கை நீட்டியபோது சைலஸ் எழுந்தான்.

“மிஸ்டர் லோரிமர். நீர் ஒரு கேட்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். சர்க்கரை ரேஷனில் இருந்த காலம். இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கிக் குடித்தான்.

அறுபது கோப்பைகளும் ஒரே சமயத்தில் தட்டில் இறங்கின. கத்பர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு அம்மாள்கள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்கள். அடுத்த மாதம் பந்தாட்ட கிளப்பின் தலைவராக அவரை ஏகமனதாகத் தேர்ந்தெடுப்பதாக இருந்தது. ஏகமும் போச்சு, மனதும் போச்சு.

வீட்டுக்கு நடக்கிற வழியில் அவர் தீர்மானம் எடுத்துவிட்டார்.

“வழக்குப் போடப்போறேன்.”

“எதுக்கு?” என்றாள் ஹெஸ்டர்.

“எதுக்கா! காது கேக்கலையா உனக்கு? அவன் என்னைக் கேட்னு சொன்னான்!”

“அதைத்தான் யோசிச்சுட்டே வர்றேன். அப்படின்னா என்ன அர்த்தம்?”

ஹெஸ்டருக்கு எதுவும் மெதுவாகத்தான் புரியும் என்பது கத்பர்ட்டின் முப்பத்தெட்டு வருஷ நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அவள் ஒருநாளும் கெடுத்ததில்லை. அவர் நடையை நிறுத்தினார். பாடம் எடுக்கும்போது அவரால் நடக்க முடியாது.

“ராஸ்கல்னா குறும்புக்காரன். பேரனைக்கூடக் கொஞ்சலாம். ஸ்கவுண்ட்ரல்னா அயோக்கியன். அது யாருக்கும் பொருந்தும், மந்திரிக்கும் பொருந்தும். ஆனா கேட்னு எல்லாரையும் சொல்லிட முடியாது. மீன்காரனை அப்படிச் சொல்ல முடியாது. கனவானாத்தான் இருக்கணும். கனவான் வேஷம் போட்டுக்கிட்டு, கனவான் செய்யக்கூடாததைச் செஞ்சவன்தான் கேட்.”

“அப்ப உங்களைக் கனவான்னு ஒத்துக்கிட்டாரு சைலஸ்.”

கத்பர்ட்டுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு சுதாரித்துக்கொண்டார்.

“முட்டாள்தனமாப் பேசாதே. பொம்பளைங்க விஷயத்துல நாணயம் கெட்டவனைத்தான் அப்படிச் சொல்றது. எனக்குப் புரியாத ஒண்ணு, அந்த வார்த்தை இவன் வாயில எப்படி வந்தது? இவன் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லையே!”

“அர்த்தம் தெரியாமச் சொல்லியிருப்பாரு. அக்கா போன துக்கம். விட்டுடுங்க, கத்பர்ட்.” கொஞ்ச தூரம் நடந்தபின் அவளே மெதுவாகக் கேட்டாள்: “ஆனா, சும்மா இருந்துட்டா ஊர் ஒத்துக்கிட்டதா நினைச்சுடுமோ?”

தீர்மானத்துக்கு அந்த இடத்தில் ஆணி அடித்தாயிற்று.

மறுநாள் காலையில் கத்பர்ட் பெரிய அகராதியை இறக்கினார். தூக்க இரண்டு கை வேண்டும்; படிக்கக் கண்ணாடி வேண்டும். சொல்லின் பிறப்பு, வளர்ப்பு, ஒழுக்கம் எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தார். முதலில் அது கல்லூரிப் பையன்கள் ஊர்க் கூலிகளைக் கேலி செய்த சொல்லாம். பிறகு அந்தப் பையன்கள் பக்கமே திரும்பிக்கொண்டதாம். திட்டியவன் தலையிலேயே வசவு விழுந்த கதை! அவர் ரசித்துச் சிரித்தார். ஒரு பக்கம் நிரம்பியது. இரண்டு பக்கம் நிரம்பியது. வெறும் வசவுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்று அவருக்குத் தெரியும். பொருள் கனமாக இருந்தால்தான் வழக்கும் கனமாக இருக்கும்.

ஹெஸ்டர் டீ கொண்டுவந்து வைத்தாள். எழுதியதை எட்டிப் பார்த்தாள்.

“நல்லா இருக்கு. ஆனா என்னை மாதிரி மண்டுங்களுக்கு ஒரு உதாரணம் இருந்தாத்தான் புரியும்.”

“உதாரணமா? எத்தனை வேணும்!”

பேனா வேகமாக ஓடியது. ‘ஒரு பெண்ணிடம் கல்யாண வாக்குக் கொடுத்து, வேறு ஆதாயம் கண்டதும் அவளைக் கைவிட்டு...’

பேனா நின்றது. ஹெஸ்டர் போய்விட்டாள். ஜன்னலுக்கு வெளியே கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. ஹால்ஸ்பி பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாத்தியார். ஆக்னஸ் டட்டன் பெரிய கண்களோடு, வாய் நிறைய ஊசிகளோடு, அவருடைய கோட்டைப் பிரித்துத் தைத்துக் கொடுத்த பெண். வசந்தத்தில் கல்யாணம் என்று அவளிடம் சொன்னார். அதுவரை யாருக்கும் தெரியவேண்டாம் என்றும் சொன்னார். அந்தக் குளிர்காலத்திலேயே ஹெட்மாஸ்டர் தன் ஒரே மகளை அவருக்கு அறிமுகப்படுத்தினார். மகளோடு சேர்த்து, பின்னாளில் காலியாகப்போகிற நாற்காலியையும் அறிமுகப்படுத்தினார். கத்பர்ட் இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

வயிறு தெரிந்த பிறகும், குழந்தைக்கு அப்பன் யாரென்று ஆக்னஸ் வாயைத் திறக்கவில்லை. தகப்பன் பெல்ட்டைக் கழற்றிக் கேட்டான். பாதிரியார் பைபிளை வைத்துக் கேட்டார். சொல்லவில்லை. குழந்தை ஒன்பது நாள் இருந்தது. சர்ச்சின் வடக்குச் சுவர் ஓரமாகப் புதைத்தார்கள். முழ உயரக் கல்லில் ‘ஐவி’ என்று மட்டும் எழுதியிருந்தது. யார் பெற்றது, யார் குடும்பம், ஒன்றுமில்லை. அப்பன் பேர் தெரியாத பிள்ளைக்குத் தன் குடும்பப் பேரையும் தரமாட்டேன் என்று ஆக்னஸின் தகப்பன் சொல்லிவிட்டானாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கத்பர்ட் அந்தக் கல்லைத் தாண்டித்தான் உள்ளே போவார். போகும்போதெல்லாம் கோபுரத்து உச்சியில் காற்றுக்குச் சுழலும் தகரச் சேவலைப் பார்த்துக்கொள்வார். காற்று எந்தத் திசையில் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு ஊரில் மீனவர்களுக்கே தெரியாது.

அந்த உதாரணத்தை அடித்துவிடலாமா என்று யோசித்தார். சைலஸுக்கு ஏதோ வாடை அடித்திருக்கிறது. ஆனால் வாடையைக் கோர்ட்டில் எடுத்துக் காட்ட முடியாது. சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் நேற்று மண்ணுக்குள் போயாகிவிட்டது. அப்படி நினைத்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம்தான். நிம்மதிதான் அதைவிட அதிகம். உதாரணத்தை அடிக்கவில்லை. குற்றம் செய்தவன் அப்படி எழுதுவானா? எழுதியிருப்பதே நிரபராதி என்பதற்கு அத்தாட்சி! இன்னும் இரண்டு பக்கம் எழுதினார்.

வக்கீல் பிஞ்ச் மெலிந்த மனிதர். அவர் தும்மினால் மேஜைமேல் இருக்கிற காகிதங்களுக்குப் பதில் அவரே பறந்துவிடுவார் போலிருக்கும். நாலு பக்கத்தையும் படித்துவிட்டு மூக்கைத் தேய்த்தார். ஹெஸ்டர் ஓரத்தில் உட்கார்ந்து சாம்பல் நிறக் காலுறை ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

“சார், ஒரு யோசனை சொல்றேன். இதை வெறும் வசவுன்னு விட்டுட்டா, அவன் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுப்பான். முடிஞ்சுது. இதுக்கு இவ்வளவு கனமா அர்த்தம் இருக்குன்னு நாமளே நிரூபிச்சா...”

“நிரூபிச்சா?”

“அர்த்தம் இருக்கிற சொல்லுக்கு உண்மை, பொய்னு ஒண்ணு வந்துடும். அவன் உண்மைன்னு வாதாடலாம்.”

“வாதாடட்டுமே!”

“வாதாடினா...” பிஞ்ச் ஹெஸ்டரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “அப்படி ஏதாவது இருக்க வாய்ப்பு உண்டா, சார்? இளம் வயசுல ஏதாவது, சின்னதா...”

கத்பர்ட் எழுந்து நின்றார். நாற்பது வருஷம் பையன்களை நடுங்கவைத்த குரல் வெளியே வந்தது.

“மிஸ்டர் பிஞ்ச்! என் மனைவி இங்கே உட்கார்ந்திருக்கா!”

“ஆமாம், நான் இங்கேதான் இருக்கேன்” என்றாள் ஹெஸ்டர். ஊசி நிற்கவில்லை. “அவர் எழுதினா எழுதினதுதான். கடைசியில ஒரு வரி சேர்த்துடுங்க. இந்த நாலு பக்கத்துல சொன்னதைச் செஞ்சவன் எவனோ அவன் கேட், செய்யாதவனை அப்படிச் சொல்றது அவதூறுன்னு. அப்பத்தான் கோர்ட்டுல யாரும் நெளிய முடியாது.”

கத்பர்ட் மனைவியை வியந்து பார்த்தார். முப்பத்தெட்டு வருஷம் தன்னோடு இருந்ததில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது! அந்த வரியைத் தன் கையாலேயே எழுதினார். சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் பதில் வந்தது. கத்பர்ட் அவித்த முட்டையின் தலையை அப்போதுதான் தட்டியிருந்தார். உறையைக் கத்தியால் கிழித்துப் படித்தார். சைலஸின் வக்கீல் சுருக்கமான ஆள்.

‘வாதி கொடுத்துள்ள பொருள் விளக்கத்தைப் பிரதிவாதி முழுமையாக ஏற்றுக்கொள்கிறார். உதாரணத்தையும் ஏற்றுக்கொள்கிறார். தான் சொன்னது உண்மை என்று நிரூபிப்பார். சான்று: கடிதம் ஒன்று. சாட்சி: திருமதி ஹெஸ்டர் லோரிமர்.’

கத்பர்ட் மூன்று முறை படித்தார். எழுத்துப்பிழை ஏதும் இல்லை.

“ஹெஸ்டர், உன் பேரைத் தப்பாப் போட்டிருக்காங்க.”

“லோரிமருக்கு ஒரு ‘ர்’ விட்டுட்டாங்களா?”

“விளையாடாதே! சாட்சின்னு போட்டிருக்கு!”

“சரியாத்தான் போட்டிருக்கு. முட்டை ஆறுது, சாப்பிடுங்க.”

அவள் எதிரே உட்கார்ந்தாள். ஏப்ரன் பையிலிருந்து பழுத்துப்போன உறை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முகப்பில் பெண் கையெழுத்தில் அவர் பெயர். அதன் குறுக்கே, அவருக்கு நன்றாகத் தெரிந்த, கொம்பும் சுழியும் பிசகாத ஆண் கையெழுத்து: ‘இப்படி ஒருவர் இங்கில்லை. திருப்பி அனுப்பவும்.’

“உங்க ‘இ’யை எங்க பார்த்தாலும் கண்டுபிடிச்சுடலாம்” என்றாள் ஹெஸ்டர்.

“எத்தனை நாளா உனக்கு...”

“பதினெட்டு வருஷம். நீல கவுனை இடுப்புல பிடிக்கக் கொடுக்கப் போனேன். ஊசிப் பெட்டியில இருந்துச்சு. அவ மறைக்கப் பார்த்தா. நான் பார்த்துட்டேன். அப்புறம் அவதான் எழுந்து டீ போட்டா.”

“வியாழக்கிழமை தையல் கிளாஸ்னு போவியே...”

“தைச்சுக்கிட்டும் இருந்தோம்.”

கத்பர்ட்டின் முட்டை மஞ்சள் தட்டில் வழிந்தது. அவர் கவனிக்கவில்லை.

“உறை ஒட்டினபடியே இருந்துச்சு. முப்பத்தெட்டு வருஷம் அவ பிரிக்கலை. உங்களுக்கு எழுதினது, நீங்கதான் பிரிக்கணும்னு சொல்லுவா. போன மாசம் இருமலோட ரத்தம் வந்தப்புறம், ‘நீயே பிரிச்சுப் படி, ஹெஸ்டர், நான் என்ன எழுதினேன்னே மறந்துபோச்சு’ன்னா. மூணு வரிதான்.”

“படிக்காதே.”

அவள் படிக்கவில்லை. பார்க்காமலே சொன்னாள்.

“‘குழந்தைக்கு உங்க மூக்கு. டாக்டர் இன்னும் ரெண்டு நாள்தான்னு சொல்றார். நீங்க வரவேண்டாம், உங்க பேரை மட்டும் கொடுங்க.’”

கத்பர்ட் தவறான வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தார்.

“அந்தச் சொல்லுக்கு அர்த்தமே கிடையாதுன்னு சொல்லிடறேன். வெறும் வசவுதான்னு.”

“நாலு பக்கம் சத்தியம் பண்ணியிருக்கீங்க, ஹெட்மாஸ்டர் சார். கடைசி வரி ரொம்ப அழகா வந்திருக்கு.”

“வழக்கை வாபஸ் வாங்கிடறேன்!”

“வாங்குங்க. சைலஸ் கடிதத்தை மீன் மார்க்கெட்டுல சத்தமாப் படிக்கச் சொல்லுவாரு. அவருக்குத்தான் படிக்கத் தெரியாதே. யாராவது படிப்பாங்க.”

“என்னதான் வேணும் உங்களுக்கு? வீடா?”

“ஒரு பேர். அந்தக் கல்லுல. தகப்பன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாத்தான் எழுத விடுவேன்னு பாதிரியார் சொல்றாரு. சாகறதுக்கு முந்தின வியாழக்கிழமை ஆக்னஸ் கேட்டது அதை மட்டும்தான்.”

“அதை என்கிட்டக் கேட்டிருக்கலாமே!”

“கேட்டா கொடுத்திருப்பீங்களா?”

கத்பர்ட் பொய் சொல்ல நினைத்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, சொன்னால் எடுபடாது என்று தெரிந்தது.

“மாட்டேன்.”

“அதான் கேட்டுப் பாக்கலை. ‘கேட்’னு சொல்ல வெச்சேன்.”

“நீயா? அப்ப அவன்...”

“அவருக்கு அந்த வார்த்தையே தெரியாது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் வாயில வந்தது வேற. சர்ச் கூடத்துல அதைச் சொன்னா மேரி மாதா சிலை இறங்கிப் போயிடும். மூணு நாள் புகைக் கொட்டகையில நிக்க வெச்சுச் சொல்லிக் கொடுத்தேன். உங்களை வேற எப்படித் திட்டினாலும் நீங்க சிரிச்சுட்டுப் போயிடுவீங்க. கனவான்களைத் திட்டற வார்த்தையால திட்டினாத்தான் அகராதியை எடுப்பீங்க.”

கத்பர்ட் தன் மனைவியைப் பார்த்தார். வெள்ளை முடி, சிவந்த விரல்கள், ஏப்ரனில் மாவு. அவள் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

“என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்கு நீ வருத்தப்பட்டிருக்கியா?”

“என்னைக் கேக்க வேண்டிய கேள்வி இல்ல அது. அவ இருக்க வேண்டிய இடத்துல நான் இருந்தேன், எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்புறமும் பதினெட்டு வருஷம் உங்களுக்கு முட்டை அவிச்சேன். அதுக்கு என்ன பேருன்னு உங்க அகராதியில தேடிப் பாத்தேன். கிடைக்கலை.”

அன்று முழுவதும் அவர் வாசிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். ஹெஸ்டர் போய்த் தட்டவில்லை. மத்தியானம் சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்தாள், வைத்தபடியே எடுத்துப்போனாள். ஒருதரம் உள்ளே நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. அவள் மாடிப்படியில் பாதிவரை வந்து நின்றாள். பிறகு அவர் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது. இறங்கிப் போய்விட்டாள். சாயங்காலம் அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

“பாதிரியார் வீட்டுல இருப்பாரா இப்ப?”

“இருப்பாரு. நாலு மணியிலேர்ந்து உங்களுக்காகக் காத்துட்டிருக்காரு.”

கையெழுத்துப் போட்ட விஷயம் அன்றைக்கே ஊருக்குள் போனது. கிளப்பில் வேறொருவரைத் தலைவராக்கினார்கள். பழைய மாணவர்கள் சிலர் தெருவில் தொப்பியைத் தொடாமல் போனார்கள். சிலர் வழக்கத்தைவிட அதிகமாகத் தொட்டார்கள். அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சைலஸ் மட்டும் ஒருநாள் கொல்லைப்புறக் கதவில் இரண்டு புகையிட்ட மீன்களைத் தொங்கவிட்டுப் போயிருந்தான். அது சமாதானமா, அவமானமா என்று அவர் ஹெஸ்டரைக் கேட்டார். “மீன்” என்றாள்.

கல்தச்சன் வேலையை முடித்த அன்று காற்று பலமாக இருந்தது. இருவரும் வடக்குச் சுவர் ஓரமாகப் போனார்கள். பக்கத்தில் ஆக்னஸின் புது மண் இன்னும் அமுங்கவில்லை. முழ உயரக் கல். பாசியைச் சுரண்டிவிட்டிருந்தார்கள். ‘ஐவி லோரிமர். ஒன்பது நாள்.’ பழைய எழுத்து கறுத்திருந்தது, புது எழுத்து வெளுத்திருந்தது. கத்பர்ட் குனிந்து தன் பெயரை விரலால் தொட்டார். கல்தூள் விரலில் ஒட்டியது. துடைக்க மனம் வரவில்லை. ஈர மண்ணிலேயே மண்டியிட்டார். அறுபத்தைந்து வயது மனிதர் அழுவதைப் பார்க்க அங்கே வேறு யாரும் இல்லை. அழுதார். பொய்யாக அழவில்லை.

ஹெஸ்டர் குடையைக் காற்றுக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அழுது முடிக்கும்வரை நின்றாள்.

கடைசியில் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, வாழ்க்கையிலேயே மிகக் கஷ்டமான வாக்கியத்தைச் சொன்னார்.

“ஹெஸ்டர், நான் ஒரு ‘கேட்’டா இருந்தேன்.”

அவள் கையைக் கொடுத்து அவரைத் தூக்கிவிட்டாள். முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டாள்.

“இறந்தகாலம் எதுக்கு?” என்றாள். “நீங்க இன்னும் இறக்கலையே.”